தேயிலையும் தேய்வழக்கும்

கேமரன் மலையின் பச்சைப் படத்தில் இடம் கிடைக்காதவர்களைச் சிரிப்பால் உள்ளே கொண்டுவரும் மலேசிய ஓவியர்கள்

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் வருகையாளர் மையத்தில் ஒரு நீண்ட மேடை, சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளி விடுமுறையில் அங்கே நிற்க இடம் பிடிப்பது லேசான காரியமில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து வரும் ஒற்றைச் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்து சேரும். இறங்கியதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான்: கைப்பேசியை உயர்த்துவது. பச்சை வரிகள், அவற்றின்மேல் கொஞ்சம் பனி, முன்னால் ஒரு கோப்பை தேநீர். படம் தயார்.

அந்தச் சட்டகத்துக்குள் ஒரு தொழிலாளி நுழைந்துவிட்டால் சிலர் காத்திருப்பார்கள், அவர் நகரட்டும் என்று. இன்னும் சிலர் ஆவலாக அவரையே எடுப்பார்கள். எடுத்துப் பார்த்த பிறகு முகத்தில் சின்ன ஏமாற்றம். முதுகில் கூடை இல்லை. சேலை இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. ரப்பர் பூட்ஸ், கையில் பை பொருத்திய பெரிய கத்தரி, தலையில் தொப்பி. அவர் வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்த இளைஞராக இருப்பார். நாம் தேடி வந்த படத்தில் இருந்தவர் அவரல்ல.

நாம் தேடி வந்த படத்துக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் உண்டு: தேய்வழக்கு. ஆங்கிலம் இதற்குப் பிரெஞ்சிலிருந்து ‘கிளிஷே’ என்ற சொல்லைக் கடன் வாங்கியது. அச்சுக்கூடத்தில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வார்த்து வைத்த உலோகத் தகட்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிரித்த முகம் அப்படியொரு தகடு. பேரரசின் சரக்கை விற்க 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரிட்டிஷ் வாரியத்தின் சுவரொட்டிகளிலும், பிறகு நாள்காட்டிகளிலும், அஞ்சலட்டைகளிலும் அது ஓயாமல் அடிக்கப்பட்டது. தகடு தேய்ந்துவிட்டது, படம் மட்டும் மாறவில்லை.

மாறாத இந்தப் படத்தை என்ன செய்வது? கிழித்து எறியலாம். கோபமாக எதிர்ப்படம் வரையலாம். மலேசியாவின் சில ஓவியர்கள் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தார்கள். அந்தத் தேய்ந்த தகட்டையே கையில் எடுத்துப் பல்லிளிக்க வைத்தார்கள்.

காணாமல் போனவர்கள்

முதலில் இந்த மலையின் கதை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்தப் பீடபூமியைக் ‘கண்டார்’ என்று பள்ளிப் பாடம் சொல்லும். செமாய் பூர்வகுடிகள் அதற்கு முன்பே இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது அடுத்த வரியில்தான் வரும், வந்தால். கேமரன் ‘கண்டு’ 134 ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரி இடைத்தேர்தலில், கேமரன் மலைத் தொகுதி நாட்டின் முதல் பூர்வகுடி மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நாடாளுமன்றம் போய்ச் சேர அவ்வளவு காலம் ஆனது.

1929இல் ஜே.ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. காட்டை அழித்து, சரிவை வெட்டி, கன்று நட்டு, நாம் இன்று படம் பிடிக்கும் அந்தப் பச்சை வரிகளைப் போட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஆட்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தபோது, வந்தவர்கள் வந்தவர்களாகவே இங்கே நின்றுவிட்டார்கள்.

ஆனால் கேமரன் மலையில் ‘காணாமல் போனவர்’ என்றால் யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று மாலை நடக்கப் போனவர் திரும்பவில்லை. ராணுவம் தேடியது. பூர்வகுடித் தடமறிவோர் தேடினார்கள். மாந்திரீகர்களும் தேடினார்கள். இன்றுவரை புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. என்னவோ இந்த மலையில் தொலைந்துபோன ஒரே மனிதர் அவர்தான் என்பது போல! பச்சைப் படத்திலிருந்து தொலைந்துபோன ஒரு முழுச் சமூகத்தைத் தேட எந்த மாந்திரீகரும் மலையேறவில்லை.

‘ஓடும் இந்தியர்கள்’

அந்தத் தேடலை ஓவியத்தில் செய்தவர்களில் முக்கியமானவர் அனுரேந்திரா ஜெகதேவா. 1965இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். பத்திரிகை உலகிலும் கலைக்கூடப் பொறுப்பிலும் இருந்துவிட்டு முழுநேர ஓவியரானவர். அவருடைய படங்களைப் பார்ப்பது ஒரு பழைய குடும்பத்துப் பெட்டியைத் திறப்பது போல. சாமிப் படம், உறவினர் முகம், அரசியல் தலைவர், திரைநாயகன், பொம்மை என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது பக்தி, எது கிண்டல் என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாது.

அவருடைய படைப்புகளில் ஒன்றின் பெயரைத் தமிழாக்கினால் இப்படி வரும்: ‘ஓடும் இந்தியர்களும் 25 தேய்வழக்குகளில் மலேசிய இந்தியர் வரலாறும்’. சிரிப்பு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. வரலாறு என்றால் தடித்த புத்தகமாக இருக்கவேண்டும், அடிக்குறிப்பு இருக்கவேண்டும் என்று நினைக்கிறோம். இவர் 25 தேய்வழக்கு போதும் என்கிறார். ‘உங்களைப் பற்றி இந்த நாடு வைத்திருக்கும் வரலாறு அவ்வளவுதானே?’ என்ற கேள்வி அந்த எண்ணிக்கையில் ஒளிந்திருக்கிறது.

தலைப்பைப் படித்த எந்த மலேசியத் தமிழரும் தனக்குள் ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார். நானும் போட்டேன். பால்மரம் சீவுபவர். கள்ளுக்கடை. ரயில் தண்டவாளம். கறுப்புக் கோட்டு வழக்கறிஞர். பத்துமலைக் காவடி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. குண்டர் கும்பல் செய்தி. தேர்தலுக்கு முன் மட்டும் மாலையோடு வரும் தலைவர். மாலை நேரத்துத் தொலைக்காட்சித் தொடர். கொழுந்து பறிக்கும் அம்மா. பத்தைத் தாண்டும்போது சிரிப்பு வந்தது. பதினைந்தைத் தாண்டும்போது நின்றுவிட்டது. இவற்றில் எதுவும் முழுப்பொய் இல்லை. எதுவும் முழு மனிதரும் இல்லை.

இங்கேதான் இந்த நையாண்டியின் தந்திரம். ‘எங்களைப் பற்றி இப்படி நினைக்காதீர்கள்’ என்று மன்றாடும் கலைக்கு, பார்ப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ‘இந்தாருங்கள், நீங்கள் நினைப்பதெல்லாம் வரிசையாக, எண்ணிட்டு’ என்று கையில் கொடுத்தால் போகமுடியாது. எண்ணியே ஆகவேண்டும். எண்ணுகிறவர் மாட்டிக்கொள்கிறார், எண்ணுகிறவர் தமிழராகவே இருந்தாலும்.

‘ஓடும்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பஞ்சத்திலிருந்து ஓடிவந்தவர்கள். பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலைப் பெயரழைப்புக்கு, நேரமாகிவிட்டதென்று விடிவதற்கு முன் ஓடியவர்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் இறுகியபோது மூட்டை கட்டி ஊர் திரும்பியவர்கள். ஏறத்தாழ 60,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இருந்தவர்களில் பலர் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு குடிமக்களின் நீல அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக ஓடினார்கள். திரையில் மட்டும் நம்மவர்கள் மரத்தைச் சுற்றி ஓடுவார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு.

லாரியும் மணவறையும்

அனுரேந்திராவின் இன்னொரு கண்காட்சிக்கு ‘என் கடவுள் என் லாரி’ என்று பெயர். கேமரன் மலைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தாப்பா சாலையின் வளைவுகளில் காய்கறி ஏற்றி இறங்கும் லாரிகளையும், துருப்பிடித்தும் ஓய்வெடுக்காத பழைய லேண்ட்ரோவர்களையும் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். ஓட்டுநரின் முன்னால் சின்ன முருகன், எலுமிச்சம்பழம், உலர்ந்த மல்லிகை. வண்டிதான் சோறு போடுகிறது. அப்படியிருக்க, கடவுள் வண்டிக்குள் இருக்கிறாரா, வண்டியே கடவுளா? அந்தத் தலைப்பு கேட்பது பக்தனை மட்டம் தட்டும் கேள்வி இல்லை. கடவுளைத் தவிர வேறு காப்பீடு இல்லாத ஒருவனைப் பற்றிய கேள்வி.

2015இல் சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் நடத்திய ‘உட்டோப்பியாவுக்குப் பிறகு’ என்ற கண்காட்சியில் அவருடைய ‘மணவறை’ வைக்கப்பட்டது. தலைப்பே தமிழ்ச்சொல்தான், அசை அசையாகப் பிரித்து ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. நம் கல்யாண மண்டபத்து மணவறையின் வடிவில் ஓர் அமைப்பு. அதைச் சுற்றி ஓவியங்கள். துணைத்தலைப்பில் காதல், இழப்பு, ‘பெரும் விவாதக் காலம்’ என்றெல்லாம் வருகிறது. காலராக் காலத்துக் காதலைப் பற்றி நாவல் எழுதிய மார்க்கேஸை நினைவூட்டும் குறும்பு அது. இங்கே கொள்ளைநோய்க்குப் பதில் விவாதம்: யார் எந்த மதம், யார் எந்த இனம், யாருக்கு எது உரிமை என்று இந்த நாடு ஓயாமல் நடத்தும் விவாதம்.

மணவறையைத் தேர்ந்தெடுத்ததுதான் கூர்மை. மணவறை இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைக்கும் இடம். பூவும் சரிகையுமாக ஜொலிக்கும். மேடைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் வரதட்சணை, சாப்பாடு, சாதி எல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். மணமக்கள் வாயைத் திறக்க முடியாது; புகைப்படத்துக்குச் சிரித்தாகவேண்டும். பல இனம் சேர்ந்து வாழும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உருவகத்தை நான் பார்த்ததில்லை.

மலேசியா ஆண்ட ஆஸ்திரியா

கேமரன் மலையே ஒரு பகடி என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெப்ப மண்டலத்தின் நடுவில் குளிருக்கு ஏங்கிய துரைமார்கள் இங்கிலாந்தை நகல் எடுக்கப் பார்த்த இடம் இது. கறுப்பு மரச்சட்டம் வைத்த வெள்ளைச் சுவர் வீடுகள், ரோஜாத் தோட்டம், ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம். துரை போய்விட்டார்; அந்த நகலை இப்போது நாம் நகலெடுக்கிறோம். அடுக்குமாடி விடுதிக்கும் அதே கறுப்புச் சட்டம் ஒட்டுகிறோம்.

பினாங்கில் 1960இல் பிறந்த ஓவியர் வோங் ஹோய் சியோங் இந்த நகல் விளையாட்டை அப்படியே திருப்பிப் போட்டார். 2003 வெனிஸ் பியெனாலேயில் காட்டப்பட்ட அவருடைய படைப்பில், மலேசியா ஒரு பேரரசு. ஆஸ்திரியா அதன் முன்னாள் காலனி. முகத்தில் துளிச் சிரிப்பில்லாத ஆவணப்பட நடையில், ஆண்டவர்களின் நினைவும் ஆளப்பட்டவர்களின் வருத்தமும் விவரிக்கப்படுகின்றன. ஐரோப்பியப் பார்வையாளர் முதலில் சிரிப்பார். அப்புறம், தான் பள்ளியில் படித்த வரலாறும் இதே குரலில்தான் எழுதப்பட்டிருந்தது என்பது உறைக்கும்.

அதற்கு முன், 1990களின் நடுவில், அவர் புலம்பெயர்ந்தோரும் ரப்பர் மரங்களும் என்ற பொருளில் பெரிய கரிக்கோல் படங்கள் வரைந்தார். அவற்றின் தலைப்புகளில் இருக்கும் அங்கதத்தைப் பாருங்கள். ஒன்று, சிலர் மலாயாவைக் கனவு கண்டதையும் சிலர் பிரிட்டனைக் கனவு கண்டதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மற்றொன்று, ரப்பர் சீவும் தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் நடந்த திருமணம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் ஆசிரியர் குடியிருப்புக்கும் நடுவே எத்தனை மைல் என்று.

2008இல் அவர் செய்த இன்னொரு புகைப்படத் தொடரில் மலேசிய வீடுகளின் வெளிநாட்டுப் பணிப்பெண்கள் சாகச நாயகிகளாக வேடம் போட்டு வந்தார்கள். தனி ஆளாக ஒரு வீட்டையே தூக்கிச் சுமப்பவர் வேறு யார்? நகைச்சுவை என்று தோன்றுவது, யோசித்தால் வெறும் உண்மை விவரிப்பு.

சிரிப்பின் விலை

கேலி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தோட்டத்துச் சனங்களுக்கு அது தினசரிச் சோறு. பிரட்டுக் களத்தில் வாய்திறக்க முடியாது. துரை, கிராணி, தண்டல் எல்லோரும் நிற்பார்கள். லயத்துக்குத் திரும்பியதும் அதே துரை ‘நெட்டைத் துரை’ ஆவார், ‘கண்ணாடித் துரை’ ஆவார், அவர் நடையும் மழலைத் தமிழும் நடித்துக் காட்டப்படும். ஆங்கிலப் பெயர்ப்பலகை வைத்த தோட்டங்களுக்குத் தமிழில் வேறு பெயர் வைத்ததும் அவர்களே. பட்டப்பெயர் வைப்பதைத் தடுக்க எந்தக் கம்பெனியாலும் முடியவில்லை.

அந்தச் சிரிப்பின் மென்மையான வடிவத்தை நாடு முழுக்க அறியும்: கேலிச்சித்திரக்காரர் லாட். பேராக்கின் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், 1951இல் பிறந்த அவருடைய ‘கம்போங் பாய்’ 1979இல் வந்தது. மலாய்ப் பையனின் குறும்பு என்று எல்லா இனத்தவரும் ரசித்தார்கள். ஆனால் அந்தக் கதையின் ஓரத்தில் ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று இரைந்துகொண்டே இருக்கிறது. பையன் ஈப்போவுக்குப் படிக்கப் போகும்போது கம்பத்தையே விழுங்க அது காத்திருக்கிறது. சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடுபவருக்கு இரவில்தான் அந்த இரைச்சல் கேட்கும்.

எல்லாச் சிரிப்பும் அப்படி மென்மையாகக் கழிந்துவிடுவதில்லை. அரசியல் கேலிச்சித்திரக்காரர் சுனார்மீது, நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைச் சாடிய ட்விட்டர் பதிவுகளுக்காக, 2015இல் தேசநிந்தனைச் சட்டத்தில் 9 குற்றச்சாட்டுகள் பாய்ந்தன. கூட்டினால் 43 ஆண்டு சிறைக்கு இடமுண்டு. ஆட்சி மாறிய பிறகு, 2018இல் அவை கைவிடப்பட்டன. வரைகலைஞர் ஃபாமி ரெசா 2016இல் அன்றைய பிரதமருக்குக் கோமாளி முகப்பூச்சு பூசி ஒரு படம் வெளியிட்டார். 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை நீங்கி அபராதம் 10,000 ஆனது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் முதலில் வரும் பெருநகரம் அந்த ஈப்போதான். லாட் சிரிப்புக் கற்றுக்கொண்ட ஊரிலேயே சிரிப்புக்கு விலைப்பட்டியலும் எழுதப்பட்டது.

அதனால்தான் அனுரேந்திரா, வோங் போன்றவர்களின் வழி வேறாக இருக்கிறது என்று தோன்றுகிறது. அவர்கள் ஒரு முகத்தைக் குறிவைப்பதில்லை. ஒரு பழக்கத்தை, ஒரு பார்வையை, வீட்டுச் சுவரில் காலங்காலமாகத் தொங்கும் ஒரு படத்தைக் குறிவைக்கிறார்கள். பழக்கம் வழக்குத் தொடுக்காது. ஆனால் அவ்வளவு எளிதில் சாகவும் சாகாது.

கடைக்கு உள்ளிருந்து

மலேசியாவுக்கு வெளியிலும் இந்தச் சிரிப்பு வம்சத்துக்குச் சொந்தங்கள் உண்டு. இந்தியாவின் பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்த பூபேன் கக்கர், 1972இல் ‘தேநீர்க்கடையிலிருந்து ஒரு பார்வை’ என்று ஒரு படம் வரைந்தார். தையற்கடை, கடிகாரப் பழுதுபார்க்கும் கடை என்று, உயர்கலை மதிக்காத சின்ன மனிதர்களைப் பளீர் வண்ணத்தில் உட்காரவைத்தவர். அதே ஆண்டு வெளியிட்ட கண்காட்சிக் கையேட்டில் தன்னையே ஜேம்ஸ் பாண்டாகவும் உலக ஆணழகனாகவும் படம்பிடித்துப் போட்டார். பிறரைக் கேலிசெய்யும் முன் தன் தொப்பையைக் காட்டிவிடுவது அவர் முறை. பிற்பாடு, அப்பன், மகன், கழுதை கதையை வைத்து அவர் வரைந்த படத்தின் பெயரைத்தான் 2016இல் லண்டன் டேட் மாடர்ன் அவருடைய கண்காட்சிக்குச் சூட்டியது: எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது.

இலங்கை மலையகத்தில் ஹனுஷா சோமசுந்தரம் தேநீர் வடிகட்டியையும் குடித்து முடித்த தேயிலைப் பையையும் தேயிலைக் கறையையும் தன் ஊடகமாக எடுத்துக்கொண்டார். அவரிடம் சிரிப்பு குறைவு. ஆனால் பொருளைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே ஒரு கசப்பான நகை இருக்கிறது. சாறு எடுத்துவிட்டுத் தூக்கி எறிந்த பை, தோட்டத்து உடலைப் பற்றிப் பேச வேறு என்ன வேண்டும்?

கக்கர் கடைக்காரர்களோடு கடைக்குள் உட்கார்ந்து பார்த்தார். ஹனுஷா குடித்து முடித்த கோப்பையின் அடியிலிருந்து பார்த்தார். இருவரும் மேடையில் நின்று கீழே பார்க்கவில்லை.

இருபத்தாறாவது

மீண்டும் சுங்கை பாலாஸ் மேடை. இன்று கத்தரி பிடிப்பவர்களில் தமிழர் குறைவு. பிள்ளைகள் படித்தார்கள்; தானா ராத்தாவுக்கு, ஈப்போவுக்கு, கோலாலம்பூருக்கு, சிங்கப்பூருக்குப் போனார்கள். போனதில் வருத்தப்பட எதுவுமில்லை. போகவேண்டும் என்பதற்காகத்தான் பாட்டி பனியில் நின்றாள்.

அவள் நின்ற வரியில் இப்போது வேறு நாட்டு இளைஞன் நிற்கிறான். அவனும் கடன் வாங்கி வந்தவன். கடவுச்சீட்டை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்று யோசிப்பவன். விடுமுறை நாளில் பிரிஞ்சாங் கடைத்தெருவுக்கு நண்பர்களோடு வருவான். அவனைப் பார்த்து நம்மவர்களில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அவன் உடுப்பைப் பற்றி, எண்ணெய் வழியும் தலைமுடியைப் பற்றி, கூட்டமாகத் திரிவதைப் பற்றி, ஒற்றைச் சொல்லில் ‘பங்ளா’ என்று முடித்துவிடுவதைப் பற்றி. ஒரு தலைமுறைக்கு முன் நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட வாக்கியங்கள்தாம். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம். தகடு அதே தகடு.

லயத்தில் துரையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மேல்நோக்கிப் போனது. இது கீழ்நோக்கி இறங்குகிறது. ஒரே வாய்தான், ஒரே நகைச்சுவை உணர்ச்சிதான்; நிற்கும் படி மாறிவிட்டது.

அனுரேந்திராவின் தலைப்பில் எண் 25இல் நிற்கிறது. மேடையில் நின்று, பூட்ஸ் போட்ட இளைஞன் சட்டகத்தைவிட்டு விலகட்டும் என்று கைப்பேசியோடு காத்திருக்கும் மலேசியத் தமிழர்தான் இருபத்தாறு. அதை யாராவது வரைந்தால் நான் நிச்சயம் சிரிப்பேன். என் மூக்கையும் கண்ணாடியையும் அடையாளம் கண்டுகொள்ளும் வரைக்கும்.